அடைவில் சேராத எதிர்வாதி

சில புத்தகங்களின் கடைசியில் பொடி எழுத்தில், சொல்லும் எண்ணுமாக ஒரு நீளப் பட்டியல் இருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டுகிற பட்டியல். அதற்குச் சொல்லடைவு என்று பெயர். அதை யாரோ ஓர் ஆள் உட்கார்ந்து செய்கிறார் என்று உங்களுக்குத் தோன்றியிருக்காது. பரவாயில்லை, யாருக்கும் தோன்றுவதில்லை. அது தானாக முளைத்துக்கொள்கிறது என்றுதான் மெத்தப் படித்தவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படி உட்கார்ந்து செய்கிற ஒருத்தியின் கதை இது. பதிப்பகத்தில் அவளுக்குச் சீட்டு என்று பெயர். பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் கோடு போட்டு, சொல்லுக்கு ஒரு காகிதச் சீட்டு எழுதி, அகர வரிசையில் செருப்புப் பெட்டிகளில் அடுக்குவதால் வந்த பெயர். வயது நாற்பத்தொன்பது. சலவைக் கடைக்கு மேல்மாடியில் தனியாக இருக்கிறாள். அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை, சொந்தக்காரர்களுக்குத்தான் இருக்கிறது.

அவளுடைய தொழிலில் ஒரு விதி உண்டு. எல்லாப் பக்கத்திலும் வருவதை அடைவில் சேர்க்கக் கூடாது. ரயிலைப் பற்றிய புத்தகத்தில் 'ரயில்' என்று போட்டு ஒன்று முதல் நானூறு வரை எண் எழுதினால் யாருக்கு என்ன லாபம்? 'ரயில், தடம் புரண்டது' என்று போட்டால்தான் அது அடைவு. கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு நிமிஷத்தில் வந்துவிடுமே என்று முதலாளி வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார். "வரும். குப்பை வரும்," என்பாள். அவர் வாயை மூடிக்கொண்டு போய்விடுவார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அதே முதலாளி ஒரு கட்டுக் காகிதத்தை அவள் மேசையில் வைத்தார். 'கடவுள் என்னும் கேள்வி: மரபிலும் நவீன சிந்தனையிலும்'. கடைசி அத்தியாயம் இன்னும் வரவில்லை, வராமலே ஐந்நூற்று எண்பது பக்கம். வைத்த வேகத்தில் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஏன் அந்த ஓட்டம் என்று முதல் தாளைப் பார்த்ததும் புரிந்தது. எழுதியவர் அவளுடைய அப்பா.

அப்பாவோடு அவள் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது.

சொத்துச் சண்டையும் இல்லை, கல்யாணச் சண்டையும் இல்லை. அப்பா தத்துவப் பேராசிரியர். நாற்பது வருஷம் கடவுள் உண்டா இல்லையா என்று பாடம் நடத்தி, அதிலேயே சோறு தின்றவர். மைக்கைக் கொடுத்தால் மூன்று மணி நேரம் கீழே வைக்க மாட்டார். அம்மா படுக்கையில் விழுந்து, இன்றோ நாளையோ என்று இருந்தபோது, ஒரு மத்தியானம் அப்பாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, "அங்க யாராவது இருக்காங்களாங்க?" என்று கேட்டாள். அம்மா அதற்கு முன்னால் கடவுளைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மகள் தண்ணீர் டம்ளரோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அப்பா யோசித்தார். நிதானமாக, வகுப்பில் யோசிப்பாரே அப்படி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு யோசித்தார். அப்புறம் சொன்னார்: "தெரியலம்மா."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் விடியற்காலை போய்விட்டாள்.

"ஆமான்னு ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த. பொய்யாவே இருக்கட்டுமே, உங்க சொத்தா கரைஞ்சு போயிரும்?" என்று மகள் அன்றைக்குக் கத்தியது தெருமுனை வரை கேட்டது. அவளுக்குக் கடவுள் நம்பிக்கை எள்ளளவும் கிடையாது. அதனால் கோபம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. இனிமேல் உங்களிடம் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சொன்னாள். சொன்னதைக் காப்பாற்றவும் செய்தாள். பிடிவாதத்தில் அவள் அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

அப்படியானால் அந்தக் கட்டைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் அவளுடைய வீம்பு. தொழில் வேறு, வீடு வேறு என்று சொல்லிப் பென்சிலைச் சீவினாள். ஆனால் ஒரு தந்திரம் செய்தாள். அப்பாவின் வாக்கியங்களை மேலிருந்து கீழே வாசித்தால் அவர் குரல் காதில் விழும். அவருடைய மூச்சு, அவருடைய இழுவை எல்லாம் அந்தக் கமாக்களில் உட்கார்ந்திருக்கும். எனவே ஒவ்வொரு பக்கத்தையும் கடைசி வரியில் தொடங்கி மேல்நோக்கிப் போனாள். அரிசியில் கல் பொறுக்குகிறவர்களுக்குக் கல்தான் கண்ணில் படும், அரிசி படாது. அவளுக்குச் சொல் பட்டது, பொருள் படவில்லை. குடம், 43. குயவர், 43. கனவு, 118. காரணம், முதல், 61. துன்பம், 207. விருப்பம், மனத்தின், 388. கோபம், 540.

அந்தப் புத்தகம் பழைய தர்க்க நூல்களின் முறையில் எழுதப்பட்டிருந்தது. அந்த நூல்களில் ஆசிரியர் நேராகத் தன் கட்சியைச் சொல்லிவிட மாட்டார். முதலில் எதிர்வாதி என்று ஓர் ஆளை நிறுத்தி, அவரை வாய்க்கு வந்தபடி கேட்க விடுவார். பிறகு ஆசிரியர் பதில் சொல்வார். கடைசியில் யார் பேசுகிறாரோ அவர் ஜெயித்தார். கடைசியில் பேசுகிறவர் எப்போதும் ஆசிரியர்தான் என்று சொல்லவும் வேண்டுமா? அப்பாவின் புத்தகத்திலும் பக்கத்துக்குப் பக்கம் எதிர்வாதி வந்து நின்றார். எல்லாப் பக்கத்திலும் வருவதை அடைவில் சேர்க்கக் கூடாது. அவள் சேர்க்கவில்லை.

மூன்றாவது வாரம் ஊரைப் பனி மூடிக்கொண்டது. பகல் பதினொரு மணிக்கும் எதிர்க் கட்டடம் தெரியவில்லை. தெருவில் போகிற பஸ்ஸுக்கு விளக்கு மட்டும் இருந்தது, உடம்பு இல்லை. பதிப்பகத்தின் ஜன்னல்களில் வெள்ளை வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. உள்ளே எல்லோரும் காரணமில்லாமல் மெல்லப் பேசினார்கள்.

திங்கட்கிழமை தம்பி போன் செய்தான். அப்பாவைப் பார்த்துக்கொள்கிறவன் அவன்தான்.

"அக்கா, வெட்டிப் பேச்சு பேசல, கேட்டுக்கோ. அப்பாவுக்குத் தொண்டையில கட்டி. வியாழக்கிழமை ஆபரேஷன். குரல்வளையவே எடுத்துருவாங்களாம்."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"பொழச்சுக்குவாரு. ஆனா பேச்சு இருக்காது. அப்புறம் நீயே ஆசப்பட்டாலும் அவரு குரல் கிடைக்காது. புதன்கிழம வரைக்கும்தான். வருவியா?"

"வேலை இருக்கு," என்றாள்.

"உன் வேலையில தீய வைக்க," என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான். அவன் பொதுவாகச் சாது.

போனை வைத்தபின் அவள் வேலை பார்க்கத்தான் செய்தாள். 'மௌனம்' என்ற சொல்லுக்குச் சீட்டு எழுதினாள். கையெழுத்து கோணிக்கொண்டு போயிற்று, கிழித்துவிட்டு வேறு எழுதினாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தலையை ஒரு நிமிஷம் மேசையில் வைத்தாள். ஜன்னல் வழியாக வெள்ளை உள்ளே வந்தது.

செருப்புப் பெட்டிகள் வளர்ந்து அலமாரிகள் ஆயின. அலமாரிகளுக்கு நடுவே நீளமாக ஒரு வழி. சீட்டுகள் தாமாக எழும்பி, அவசரமில்லாமல், ஆளுயரத்தில் மிதந்துகொண்டிருந்தன. வழியின் கோடியில் ஒரு மேசை, மேசைக்கு அந்தப் பக்கம் அம்மா. வீட்டில் உடுத்துகிற பழைய புடவை. நூலகத்துக்கு வந்தவள்போல மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "நான் எந்தப் பக்கத்துல இருக்கேன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்," என்றாள். மகள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். இல்லை. அடுத்த பெட்டியிலும் இல்லை. "இரும்மா, இதோ, இரு," என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கொட்டினாள். அம்மாவுக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் வந்து வரிசையில் நின்றார்கள். யாரும் குறை சொல்லவில்லை. எல்லோரும் தங்கள் பக்கத்தைத் தெரிந்துகொள்ள வந்தவர்கள். வரிசையின் கடைசி பனிக்குள் போய்விட்டது.

"ஏன்டி, கன்னத்துல சீட்டு ஒட்டிக்கிட்டிருக்கு," என்று யாரோ உலுக்கினார்கள்.

எழுப்பியது ரேடியோ. பிழை திருத்துகிற அம்மாள். உரக்க வாசித்தே பிழைப்பு நடத்துகிறவள் என்பதால் அந்தப் பெயர். வேலை நேரத்திலும் வேலை இல்லாத நேரத்திலும் அணைக்க முடியாது என்பது இன்னொரு காரணம். கன்னத்திலிருந்த சீட்டைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள். "மௌனம், 571. நல்லா ஒட்டிச்சு போ, இடம் பாத்து." அவள் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது.

செவ்வாய்க்கிழமை கடைசி அத்தியாயமும் அச்சுத் தாளாக வந்தது. அந்தப் பதிப்பகத்தில் ஒரு வழக்கம். அச்சுக்குப் போகுமுன் கடைசி இரண்டு அத்தியாயங்களை இரண்டு பேர் சேர்ந்து பார்ப்பார்கள். ஒருவர் ஆசிரியரின் கையெழுத்துப் படியை உரக்க வாசிப்பார், புள்ளி, கமா, கேள்விக்குறி எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி. இன்னொருவர் அச்சுத் தாளில் விரலை வைத்துத் தொடர்வார். களைத்துப்போய்க் கடைசியில் கோட்டைவிடுவதுதான் மனித சுபாவம் என்பது முதலாளியின் சித்தாந்தம். ரேடியோவோடு எப்போதும் உட்காருகிறவருக்கு அன்று ஜலதோஷம். "நீ வந்து உக்காரு சீட்டு. வாயத் திறக்க வேணாம், காத மட்டும் கொடு," என்றாள் ரேடியோ.

முடியாது என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. உட்கார்ந்தாள். ஜன்னலில் அதே வெள்ளை. ரேடியோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கினாள்.

"கடவுள் என்பது நவீன மனிதனுக்குத் தேவையற்ற ஊகம் என்றால் கமா, அந்த இடம் காலியாக இருக்கிறதா அல்லது கமா, அப்படியோர் இடமே இல்லையா கேள்விக்குறி. யப்பா! உங்கப்பா நல்லா மென்னு துப்பறாரு."

"நீ வாசி அக்கா."

"வாசிக்கிறேன். எதிர்வாதி. இல்லாத ஒருவர்மேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது கேள்விக்குறி."

விரல் தாளில் நின்றுவிட்டது.

பக்கம் 540. கோபம் என்ற சொல்லைப் பொறுக்கிச் சீட்டு எழுதி, 'கோ' பெட்டியில் போட்டாகிவிட்ட பக்கம்.

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. பஸ் நிறுத்தம். மழை. கூடப் படித்த ஒருத்தி சாலை விபத்தில் போய்விட்டாள், பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் குடைக்குள் நின்றுகொண்டு அவள்தான் கேட்டாள்: "அப்பா, கடவுள் இல்லன்னு எனக்கு நல்லாத் தெரியும். அப்புறம் ஏன்ப்பா அவர்மேல எனக்கு இவ்ளோ கோபம் வருது?" பஸ் வந்தது, ஏறினார்கள், ஏழு நிறுத்தம் போனது. இறங்கும்போது சொன்னார்: "இதுக்கு எனக்கு டைம் வேணும்டா."

"நூலாசிரியர்," என்று வாசித்தாள் ரேடியோ. "இக்கேள்விக்கு விடை தேடி முப்பது ஆண்டுகள் கழித்துவிட்டேன் முற்றுப்புள்ளி. இல்லாதவரோடு எவரும் சண்டையிடுவதில்லை முற்றுப்புள்ளி. வர வேண்டியவர் வராதபோதுதான் சண்டை முற்றுப்புள்ளி. என்னடி ஆச்சு உனக்கு? முகம் வெளுத்துப் போச்சே."

அவள் எழுந்து தன் மேசைக்கு ஓடினாள். கட்டைப் பிரித்தாள். பக்கம் 43-ஐ எடுத்து, இந்தத் தடவை மேலிருந்து கீழே, மனிதர்கள் வாசிக்கிற மாதிரி வாசித்தாள்.

குடம் இருந்தால் குயவர் இருப்பார், உலகம் இருந்தால் செய்தவர் இருப்பார் என்ற பழைய வாதம். அதற்கு எதிர்வாதி கேட்கிற கேள்வி: 'குயவருக்கும் ஒரு வீடு உண்டல்லவா? பொழுது சாய்ந்ததும் அவரைச் சாப்பிட அழைப்பவர் யார்?' ஏழு வயதில் அவள் சாப்பாட்டு மேசையில் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு கேட்டது. "குயவரு குடம் செஞ்சுக்கிட்டே இருந்தா அவர யாருப்பா சாப்பிடக் கூப்பிடுவா?" அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டார். அம்மா குழம்புக் கரண்டியோடு, "அதானே? வேற யாரு, என்னைய மாதிரி ஒருத்தியாத்தான் இருக்கும்," என்றாள்.

118. 'கடவுள் உறங்கினால் நாம் யாருடைய கனவில் நிற்போம்?' ஒன்பது வயது, காய்ச்சல், நெற்றியில் ஈரத் துணி.

207. 61. 388. எந்தத் தாளை எடுத்தாலும் அவள் கேட்டது. பதின்மூன்று வயதில் கதவை அடித்துச் சாத்தியது, இருபத்திரண்டில் கடிதத்தில் எழுதியது. அப்பா ஒன்றையும் தொலைக்கவில்லை. பழைய தர்க்க நூல்காரர்களின் நடையை அவற்றுக்குச் சட்டையாகப் போட்டு விட்டிருந்தார், அவ்வளவுதான். குடத்துக்கும் குயவருக்கும் கனவுக்கும் கோபத்துக்கும் சீட்டு எழுதிவிட்டு, கேட்டவளை மட்டும் எல்லாப் பக்கத்திலும் வருகிற ஆள் என்று தள்ளியிருக்கிறாள். அப்பா அவளுக்கு ஐந்நூற்று எண்பது பக்கத்துக்குப் பேசியிருக்கிறார். அவள் அதைக் கீழிருந்து மேலாக வாசித்திருக்கிறாள். அட மடச்சி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள், வாய்விட்டு.

மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள். ரேடியோ அபூர்வமாக ஒன்றும் கேட்கவில்லை. மிச்சத்தை வாசித்தார்கள். பக்கம் 612 வந்தது.

"எதிர்வாதி," என்று தொடங்கிய ரேடியோவின் குரல் இறங்கியது. "இவ்வளவும் இருக்கட்டும் முற்றுப்புள்ளி. இறந்துகொண்டிருப்பவள் ஒருத்தி கமா, அங்கே யாராவது இருக்கிறார்களா என்று உம்மைக் கேட்டாள் முற்றுப்புள்ளி. ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா கேள்விக்குறி."

தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"அடுத்த தாள் எங்க? நூலாசிரியர் பதில் எங்க? கடைசிப் பக்கத்தத் தொலச்சுட்டானுங்களே பாவிங்க!" ரேடியோ கத்தின கத்தலில் முதலாளி வெளியே வந்தார்.

"தொலையலம்மா. நானும் அப்படித்தான் நெனச்சு காலையிலயே போன் போட்டேன். அவ்வளவுதான் புத்தகம்னு சொல்லிட்டாரு. பேச முடியாம பேசறாரு, பாவம்."

"எதிர்வாதி கேள்வியோட முடியற புத்தகம் எங்கயாவது உண்டா? அப்ப இவரு தோத்துட்டாருன்னு இல்ல அர்த்தம்?"

"நானும் கேட்டேன். ஆமான்னாரு." முதலாளி சீட்டுவின் பக்கம் திரும்பாமல் கதவுப் பிடியோடு பேசினார். "இன்னொண்ணும் சொல்லிடறேன். புத்தகத்த எனக்குக் கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனதான் போட்டாரு. அடைவு நீதான் செய்யணும்னு. சொல்லாதீங்கன்னும் சொன்னாரு, அதான் சொல்லல."

அடைவு ஒரு நாள் தாமதமாகும் என்றாள் அவள். அச்சகத்தில் இயந்திரத்தைப் பிடித்து வைத்திருக்கிறேன், தலை போகிற அவசரம் என்று அவர் ஒரு பிடி பிடித்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புதன்கிழமை மத்தியானம் பஸ் பனிக்குள் ஊர்ந்தது. நிறுத்தங்களின் பெயரைக் கண்டக்டர் சொல்லிக்கொண்டே வந்தார், வெளியே எந்த நிறுத்தமும் தெரியவில்லை, இறங்குகிறவர்கள் அவர் வார்த்தையை நம்பி வெள்ளைக்குள் காலை வைத்தார்கள். அவள் மடியில் பக்கம் 612 இருந்தது. என்ன பேசப்போகிறோம் என்று ஒத்திகை பார்த்தாள். முதல் வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை. முதல் வாக்கியமும் 'அப்பா' என்பதோடு நின்றது.

மருத்துவமனையின் நடைவழியில் தம்பி நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வந்துட்டியா சனியனே," என்றான். நர்ஸ் ஒருத்தி வந்து, "பத்து நிமிஷம். அவர ரொம்பப் பேச வைக்காதீங்க, தொண்ட வீங்கிக்கும்," என்று சொல்லிக் கதவைத் திறந்தாள்.

அறை முழுக்க வெளிச்சம் இருந்தது, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத வெளிச்சம். ஜன்னலுக்கு வெளியே உலகமே இல்லை. கட்டில், வெள்ளை விரிப்பு, விரிப்புக்குள் அப்பா. இவ்வளவு சின்ன ஆளா? மேடையில் நின்றால் பின்வரிசை வரைக்கும் எட்டும் மனிதர், தலையணைக்குள் பாதி முழுகிக் கிடந்தார். கண்ணாடி இல்லாத கண்கள் அவள் வந்த திசையைப் பார்த்தன.

"யாரு?" என்றார். சரளைக்கல் மேல் எதையோ இழுக்கிற மாதிரி ஒரு குரல். ஆனாலும் அவர் குரல்தான்.

"நான்தான்ப்பா."

அவர் கை விரிப்பைத் தடவிக்கொண்டு வந்தது. பிடித்துக்கொண்டாள். பதினோரு வருஷத்துக்கு என்ன பேச முடியும், சொல்லுங்கள், அதுவும் பத்து நிமிஷத்தில்.

"வாசிச்சியா?"

"கீழேர்ந்து மேல வாசிச்சேன். நேத்துதான் ஒழுங்கா."

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க ஒரு நிமிஷம் போய்விட்டது. அவள் அந்தத் தாளை எடுத்தாள், பிரிக்கவில்லை.

"ஏன்ப்பா பதில் எழுதல?"

"பதில் இல்ல," என்றார். "யோசிச்சுப் பாத்தேன். இல்ல." மூச்சு வாங்கினார். "அன்னைக்கு அவ கேட்டப்ப, நான் கடவுளப் பத்தி யோசிச்சேன்."

"பேசாதீங்கப்பா. வீங்கிக்குமாம்."

"நாளைக்குப் பேச முடியாதே." மறுபடி மூச்சு. "அவ கேட்டது கடவுளப் பத்தி இல்லடா. பயந்து போய்க் கேட்டா. எனக்குப் புரியல. கட்டில்ல படுத்திருந்தவளப் பாக்காம, கேள்வியப் பாத்தேன். கேள்வி நல்லாருக்கேன்னு... வாத்தியார் புத்தி."

அவர் கண்ணோரத்தில் நீர் இறங்கிக் காதுக்குப் போயிற்று. அவள் முந்தானையால் துடைத்தாள். இதைத்தானே அவர் வாயால் கேட்க வேண்டும் என்று பதினோரு வருஷம் உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தாள்? கேட்டாகிவிட்டது. ஜெயித்த மாதிரி ஒன்றும் இல்லை. பாவம், பாவம் என்று அடித்துக்கொண்டது மனசு. அம்மாவை நினைத்தா, இவரை நினைத்தா என்று அவளுக்கே தெரியவில்லை.

கதவுக்கு வெளியே சக்கர வண்டி ஒன்று உருண்டு போயிற்று. அப்பா அந்தச் சத்தம் தேயும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவள் கையை இறுக்கினார், சின்னப் பிள்ளைகள் சாலையைக் கடக்கும்போது பிடிக்கிற பிடி.

"நாளைக்கு மயக்க மருந்து கொடுப்பாங்க," என்றார்.

"ஆமாப்பா."

"முழிக்காமப் போயிட்டா..."

"டாக்டர் நல்ல டாக்டராம். தம்பி விசாரிச்சுட்டான்."

அவர் அதைக் கேட்கவில்லை. பார்வை அவளைத் தாண்டி ஜன்னலின் வெள்ளையில் போய் நின்றது. உதடு ஓரிரு தடவை அசைந்து, குரல் பிறகு வந்தது.

"அங்க யாராவது இருக்காங்களாடா?"

விளையாடுகிறாரா என்று முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை. எழுபத்தாறு வயது மனிதர், கடவுளைப் பற்றி அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியவர், நிஜமாகவே பயந்து போய்க் கேட்கிறார். அவளுடைய நாக்கு நுனியில் 'தெரியலப்பா' வந்து நின்றது. ஆமாம், அதேதான், அப்படியே அச்சாக. வாயைத் திறந்தால் விழுந்துவிடும். அன்றைக்கு அப்பாவுக்கும் இப்படித்தான் வந்து நின்றிருக்கும் என்று முதல் தடவையாக அவளுக்குத் தெரிந்தது. அவள் அதை விழுங்கினாள். கஷ்டப்பட்டுத்தான் விழுங்கினாள்.

"ஆமாப்பா," என்றாள். "இருக்காங்க."

அப்பாவின் பார்வை ஜன்னலிலிருந்து திரும்பி அவளிடம் வந்தது. பரீட்சைத் தாள் திருத்துகிற அதே பார்வை.

"நீ நம்பறியா?"

"இல்ல."

"பின்ன?"

"நீங்க கேட்டீங்கல்ல."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆதாரம் கேட்பார், எதிர்வாதம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. கழுத்து தளர்ந்து தலை தலையணையில் சாய்ந்தது. நர்ஸ் கதவைத் திறந்து, போதும் என்று கையைக் காட்டினாள். அவள் எழுந்தாள். அப்பா கையை விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொரு தடவ சொல்லு," என்றார்.

அவள் குனிந்து, அவர் காதருகே இன்னொரு தடவை சொன்னாள்.